பகா எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது

2024 அக்டோபரில் ஒரு பகா எண் செய்தியானது. 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். இதை வைத்தே, இணையத்தில் தகவல்களைப் பூட்டிக் காக்கும் சாவியைச் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உலகமே அறிந்த எண் எப்படி ரகசியமாகும்?

சர்வர்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் வேலை. "2048 பிட் சாவி சார், யாராலும் உடைக்க முடியாது" என்று அடிக்கடி கேட்கிறேன். நீளம் சரிதான். உள்ளே இருக்கும் பகா எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆர்எஸ்ஏ என்ற பூட்டு முறையில் இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் பொதுச் சாவியாக வெளியிடுகிறோம். அந்த இரண்டு எண்களையும் யாராவது கண்டுபிடித்துவிட்டால் சாவி உடைந்துவிடும். 2048 பிட் என்றால் அவை ஒவ்வொன்றும் 300 இலக்கங்களுக்கு மேல். அந்த அளவில் பகா எண்களுக்குப் பஞ்சமே இல்லை, சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று தேறும். ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் அமையவே அமையாது.

ஆனால் அமைந்தது. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் கிடைத்த பல லட்சம் பொதுச் சாவிகளை ஒப்பிட்டபோது, ஆயிரக்கணக்கான சாவிகளுக்குள் பொதுவான பகா எண் இருந்தது. பெரும்பாலும் ரூட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள். முதல்முறை இயக்கியதும், கணிக்க முடியாத தரவு போதிய அளவு சேரும் முன்பே அவை சாவியை உருவாக்கிவிட்டன. ஒரே நிலையில் தொடங்கினால் ஒரே எண்தானே வரும்?

323, 391 என்று இரண்டு சாவிகள் இருப்பதாக வையுங்கள். 391-இலிருந்து 323 போனால் 68. 323-ஐ 68-ஆல் வகுத்தால் மீதி 51. 68-ஐ 51-ஆல் வகுத்தால் மீதி 17. 51-ஐ 17 மீதியில்லாமல் வகுத்துவிடும். அவ்வளவுதான், 17×19, 17×23 என இரண்டு சாவிகளும் திறந்துகொண்டன. பள்ளியில் போட்ட மீ.பொ.வ. கணக்கேதான். 600 இலக்க எண்களுக்கும் கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். தனியாக இருந்தால் உடையாத சாவி, ஜோடி கிடைத்ததும் விழுந்துவிடுகிறது. எனக்கு இதில் கவலை தருவது அதுதான்.

இரண்டு பகா எண்களும் அருகருகே இருந்தாலும் ஆபத்துதான். 10403-ஐப் பாருங்கள். 102-இன் வர்க்கம் 10404, அதில் ஒன்று குறைவு. அதாவது 102-இன் வர்க்கத்திலிருந்து 1-இன் வர்க்கத்தைக் கழித்தது, ஆகவே (102−1)×(102+1), அதாவது 101×103. இது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா காட்டிய வழி. 2022-இல்கூடச் சில அச்சுப்பொறிகளின் சாவிகள் இதே வழியில் உடைந்தன.

அதனால் பகா எண் தேடும் நிரலை நீங்களே எழுத வேண்டாம், பலர் சோதித்த நிரல் நூலகங்களையே (ஆயத்த நிரல் தொகுப்புகள்) பயன்படுத்துங்கள். புதுக் கருவியை இயக்கியதும் தானாக உருவான சாவியை அழித்துவிட்டு, அது சிறிது நேரம் ஓடிய பிறகு வேறு சாவி உருவாக்குங்கள். அப்புறம், ஒரே இமேஜிலிருந்து (தயாராக அமைத்த சர்வரின் முழு நகல்) பல சர்வர்களை எழுப்புபவர்கள் சாவிகளை அந்த இமேஜுக்குள் வைக்காதீர்கள். ஒவ்வொரு சர்வரும் தனக்கான சாவியைத் தானே உருவாக்கட்டும்.