அட்டையின் பின்பக்கத்தைப் பிய்த்துவிடாதீர்கள்

பழைய தாள்களையும் புகைப்படங்களையும் பராமரிப்பது என் தொழில். ஒருமுறை ஒரு பெண்மணி செருப்புப் பெட்டி நிறையப் படத் தபால் அட்டைகளைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டி சேர்த்தவை. எல்லாமே அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள ஒட்டாவா என்ற சிற்றூரைக் காட்டுபவை. ஆல்பத்தின் கறுப்புத் தாளிலிருந்து அவரே ஒவ்வொன்றாகப் பிய்த்திருந்தார். முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்தில் பசையும் கறுப்புத் துணுக்குகளும்தான். பாதி அட்டைகளில் கையெழுத்தே உரிந்து போயிருந்தது.

"படம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். படத்தை மட்டும் நம்ப முடியாது என்பதை எப்படிச் சொல்வது?

இதே ஒட்டாவாவில் ஸ்டூடியோ வைத்திருந்த வில்லியம் மார்ட்டின், 1908 வாக்கில் படங்களை வெட்டி ஒட்டி மறுபடி படமெடுத்து, ஒரு வண்டியையே நிறைக்கும் ராட்சத மக்காச்சோளக் கதிர்களை அட்டையாக்கி விற்றார். அது விளையாட்டு, பார்த்தாலே தெரியும். சிகாகோவின் கர்ட் டைக் போன்ற அச்சகங்கள் செய்தது கண்ணுக்குத் தெரியாது. கடைத்தெருப் படத்திலிருந்து மின்கம்பிகளை அழிப்பார்கள், வானத்துக்கு நீலம் பூசுவார்கள்.

பெட்டியில் ஒரு வெள்ளக் காட்சி இருந்தது. ஊரின் மேர் டி சீன் ஆறு பலமுறை கரை உடைத்திருக்கிறது. 1928, 1951 வெள்ளங்கள் பெரியவை. இது எந்த வெள்ளம்? படத்தில் ஆண்டு இல்லை. நல்லவேளையாக, பின்பக்கத்தில் தபால்தலை ஒட்டும் கட்டம் தப்பியிருந்தது. அதைச் சுற்றி 'அஸோ' என்ற புகைப்படத்தாளின் பெயரும், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணமும் இருந்தன. அந்தத் தாள் ஏறக்குறைய 1904 முதல் 1918 வரை விற்றது. ஆக, அந்த இரண்டும் இல்லை, அதற்கு முந்தைய ஒரு வெள்ளம். தபால் முத்திரை இருந்திருந்தால் தேதியையே நெருங்கியிருப்பேன்.

இன்னொன்று. 1907 மார்ச் 1 வரை அமெரிக்காவில் பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுதினார்கள். அதனால் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் ஓடும் பேனாக் கிறுக்கலை அழுக்கென்று அழிக்கப் பார்க்காதீர்கள். விதி தளர்ந்த பிறகு அட்டை மோகம் பிடித்துக்கொண்டது: 1908 ஜூனோடு முடிந்த ஓராண்டில் அங்கே தபாலில் போனவை 67 கோடிக்கும் மேல். அந்த நாட்டின் மக்கள் தொகை அப்போது ஒன்பது கோடியைத் தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி இருந்தால், ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டாம், நீராவியும் காட்ட வேண்டாம். ஆல்பப் பக்கத்தை முழுதாகப் படமெடுங்கள். ஒட்டாத அட்டையை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். முன்பக்கத்தோடு நிறுத்துவது தொழிலில் இருப்பவர்களே செய்யும் தவறு. பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். குறிப்பு எழுத மென்மையான பென்சில் போதும். லேமினேட் செய்தால் திருப்பி எடுக்கவே முடியாது.

அந்தப் பெண்மணியின் பெட்டியில் ரயில் நிலையம் இருக்கும் அட்டை ஒன்று. பின்னால் முத்திரையின் வளைவில் 'ஒட்டாவா' என்று பாதி தெரிகிறது. ஆண்டு இருந்த இடத்தில் கறுப்புத் தாள்.