ஒரு குழாய் போதாதா? பவளத் தொட்டியின் வடிகால் கணக்கு

“பவளத் தொட்டியிலிருந்து கீழே தண்ணீர் இறங்க எதற்கு மூன்று குழாய்? அகலமாக ஒன்று போட்டால் ஆகாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பவளத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஒன்று போட்டாலும் தண்ணீர் இறங்கும். ஆனால் இரவும் பகலும் களகளவென்று சத்தம் போடும். என்றாவது ஒரு நத்தை உள்ளே போய் அடைத்துக்கொண்டால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்தான்.

120 × 50 × 50 செ.மீ. தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்; 300 லிட்டர். அதன் ஓரத்தில் பல் வைத்த தடுப்புச் சுவரும், அதற்குப் பின்னால் ஒரு குறுகிய அறையும் இருக்கும். சுவரைத் தாண்டி வழியும் தண்ணீர் அந்த அறையிலிருந்து குழாய் வழியே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே ஸ்கிம்மர் அழுக்கைப் பிரித்தபின் ரிட்டர்ன் பம்ப் மேலே அனுப்புகிறது. மணிக்கு 1500 லிட்டர், அதாவது ஐந்து சுற்று, தாராளமாகப் போதும். பெரிய பம்ப் போட்டால் தண்ணீர் இன்னும் சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பவளங்களுக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே அலை பம்புகள் கொடுத்துவிடும். பம்ப் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது அது கணிசமாகக் குறையும்.

இப்போது வடிகாலுக்கு வருவோம். குழாய் பாதி காலியாக இருந்தால் தண்ணீர் சுவரை ஒட்டி வழியும், நடுவில் காற்று இறங்கும். சத்தம் முழுக்க அந்தக் காற்றுடையது. அதே காற்று சம்ப்பில் குமிழ்களாக வெடித்து, சுற்றியுள்ள எல்லாவற்றிலும் உப்பைப் படிய வைக்கும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் அதுதான் முழு சைஃபன். காற்றுக்கே இடமில்லை, சத்தமும் இல்லை. மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் 90 செ.மீ. வித்தியாசம் என்றால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர். 25 மி.மீ. உள்விட்டம் கொண்ட குழாயில் அது மணிக்கு 7400 லிட்டர்! உராய்வுக்கும் எல்போ வளைவுகளுக்கும் பாதியைக் கழித்தாலும், பம்ப் தருவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் குழாயில் ஒரு கேட் வால்வு (பலமுறை திருகிச் சிறிது சிறிதாகத் திறப்பது) வைத்து 1500-க்குச் சுருக்குகிறோம். கால் திருப்பில் முழுக்கத் திறந்துவிடும் பால் (ball) வால்வு வேண்டாம். கைப்பிடியை ஒரு நூல் அசைத்தாலே ஓட்டம் தாறுமாறாக மாறும்.

அழகு இதற்குப் பிறகுதான் இருக்கிறது. சைஃபனின் ஓட்டம் மொத்த உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அறையில் தண்ணீர் 1 செ.மீ. ஏறினால் 90 என்பது 91 ஆகிறது. ஓட்டம் கூடுவது அரை சதவீதம், மணிக்குச் சுமார் 8 லிட்டர். அழுக்கு சேர்ந்தோ மின்னழுத்தம் மாறியோ பம்பின் ஓட்டம் 100 லிட்டர் மாறினால், அதைச் சரிக்கட்ட நீர்மட்டம் 12 செ.மீ. நகர வேண்டும். அதற்குள் ஒன்று சைஃபன் காற்றை உறிஞ்சி அறுந்துவிடும், அல்லது அறை நிரம்பி வழியும். சைஃபன் நிறையத் தண்ணீரைக் கொண்டுபோகும். மட்டத்தைப் பிடித்து நிறுத்தத் தெரியாது.

விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீரோ நேரெதிர். அதன் ஆழம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெரிய மாற்றம். 10 செ.மீ. நீள விளிம்பில் 1 செ.மீ. ஆழத்தில் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் போகும். அந்த 100 லிட்டர் வித்தியாசத்தை விழுங்க 3 மி.மீ. போதும். ஆகவே முதல் குழாய் முழு சைஃபனாகப் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ள, மிச்சத்தை மட்டும் இரண்டாம் குழாயின் விளிம்பில் மெல்லியதாக வழிய விடுகிறோம். சுமக்கும் வேலை ஒன்றுக்கு, சமன் செய்யும் வேலை இன்னொன்றுக்கு. எந்த மின்னணுச் சாதனமும் இல்லாமல் மட்டம் மில்லிமீட்டர் கணக்கில் நிற்கிறது.

இரண்டாம் குழாயின் தலையில் ஒரு மெல்லிய காற்றுக்குழல் இருக்கும். அதன் நுனியை வழக்கமான மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிறுத்த வேண்டும். முதல் குழாய் அடைத்தால் மட்டம் ஏறும், நுனி மூழ்கும், காற்று நிற்கும். அந்த நொடியில் இரண்டாம் குழாயே முழு சைஃபனாகி மடமடவென்று இழுக்கத் தொடங்கும். அதையும் மீறினால், இன்னும் மேலே வாய் திறந்திருக்கும் மூன்றாம் குழாய் இருக்கிறது. அதன் அடிமுனை சம்ப்பின் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். விழும் சத்தமே எச்சரிக்கை. முதல் குழாயின் அடிமுனை நீருக்குள் 2 செ.மீ. மட்டும் போகட்டும். ஆழமாக விட்டால், மின்சாரம் திரும்பி வரும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. இந்த மூன்று குழாய் ஏற்பாட்டுக்கு பொழுதுபோக்கு வட்டாரத்தில் பீன் அனிமல் என்று பெயர்.

2019-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அக்வேரியம் தூண் பவளத்தை ஆய்வகத்திலேயே முட்டையிட வைத்தது. அப்படிப்பட்ட வேலைக்குத் தண்ணீர் மாதக்கணக்கில் பிசகாமல் இருக்க வேண்டும். பவள ஆய்வுக்கு நிதி கேட்கும்போது குழாயும் வால்வும் சில்லறைச் செலவாகத் தெரியக்கூடும். எனக்கு அவை நுண்ணோக்கிக்குச் சமமான கருவிகள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் கணக்கிடுங்கள். இந்தத் தொட்டியில் 1 செ.மீ. என்பது 6 லிட்டர். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாயே தலைகீழாக சைஃபனாகி, தன் வாய் காற்றைத் தொடும்வரை தண்ணீரை இறக்கும். வாய் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 12 லிட்டர், 25 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 150 லிட்டர். அந்த 12 லிட்டரோடு தடுப்புச் சுவரின் மேல் நிற்கும் நீர், அறையில் உள்ளது, குழாய்களில் உள்ளது எல்லாம் சேர்த்து 27 லிட்டர் என்று வையுங்கள். 60 × 40 செ.மீ. சம்ப்பில் அது 11 செ.மீ.க்கு மேல் ஏறும். 15 செ.மீ. காலியாக விடுங்கள். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம். ஒரு சுண்ணாம்புத் துகளோ குழல்புழுவோ உட்கார்ந்தால் அது மூடாது.

துளையிடுமுன் கண்ணாடி டெம்பர் செய்யப்பட்டதா (சூடாக்கிக் கடினமாக்கியதா) என்று பாருங்கள்; செய்திருந்தால் டிரில் பட்டதும் நொறுங்கும். துளையில் குழாயைப் பொருத்தும் பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கிக் கூடுதலாகக் கால் திருப்பு, அவ்வளவுதான். பித்தளைப் பொருத்துகள் கூடவே கூடாது, கரையும் செம்பு பவளத்தையும் இறாலையும் கொல்லும். வால்வுக்கும் பம்புக்கும் பக்கத்தில் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வையுங்கள். பசை ஒரு நாள் காய்ந்தபின் நல்ல தண்ணீர் நிரப்பி, பம்பைப் பலமுறை நிறுத்தி ஓட்டிப் பார்த்துவிட்டே உப்பைக் கலக்க வேண்டும்: ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 முதல் 40 கிராம், 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026 வரும்வரை. ஆவியாகும்போது போவது தண்ணீர் மட்டுமே, அதனால் ஈடுகட்டுவதும் உப்பில்லாத தண்ணீரால்தான். மேலே மட்டம் மாறாது; குறைவது சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் மட்டுமே தெரியும். தண்ணீரை ஈடுகட்டும் மிதவை சுவிட்ச் அங்கேதான் இருக்க வேண்டும்.

இரண்டாம் குழாயில் வழியும் நீரை வாரம் ஒருமுறை பாருங்கள். அது கூடிக்கொண்டே வந்தால் முதல் குழாயில் பாசி படிகிறது. வால்வை ஒரு இம்மி திறக்கலாம். குறைந்து நின்றேவிட்டால் பம்ப் தளர்ந்திருக்கிறது. கழற்றி, சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும்.