வினிகரில் ஊறவைத்தாலும் சாயம் போகும்

தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "அக்கா, ரோஜா நிறச் சாயப் பொட்டலம் வாங்கி வீட்டிலேயே வேட்டிக்குப் போட்டேன். உப்பும் போட்டு, வினிகரிலும் ஊறவைத்தேன். அப்படியும் அலசும் தண்ணீர் சிவந்துகொண்டே வருகிறதே?" மொரீஷியஸின் தை மாதம் கோடைக்காலம். காவடி எடுப்பவரின் துணி வியர்வையிலும் பாலிலும் நனையும். சாயம் நிற்காத துணி என்றால் உடம்பெல்லாம் வழியும்.

துணி ஆலையின் சாயப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்: பருத்திக்கு வினிகரால் பயன் இல்லை. அது பட்டு, கம்பளி, நைலானுக்குரிய அமிலச் சாயங்களுக்குத்தான் உதவும். உப்போ சாயத்தை நூலை நோக்கித் தள்ளிவிடும்; அங்கேயே பிணைத்து வைக்காது.

'எல்லாத் துணிக்கும்' என்று விற்கும் பொட்டலங்களில் பருத்தியில் ஏறும் சாயம் பெரும்பாலும் நூலை மேலோட்டமாகத்தான் பற்றுகிறது. துவைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கழன்றுவிடும். பருத்திக்கு நான் பரிந்துரைப்பது 1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் வகைச் சாயம். இது நூலோடு வேதிமுறையில் பிணைகிறது. அதற்குச் சலவைச் சோடா வேண்டும். சமையலறையில் இருக்கும் ஆப்பச் சோடா இதற்குப் போதாது. கால் கிலோ உலர்ந்த பருத்தித் துணிக்கு நடுத்தர நிறம் வேண்டுமானால் ஐந்தாறு கிராம் சாயம், ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு. துணி சீராக நிறம் ஏற்றபின் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் சோடாவைத் தனியே கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள்.

சோடா விழுந்ததும் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. மீந்த சாய நீரை மறுநாளைக்கு எடுத்துவைப்பது அதனால்தான் வீண். நூலிடுக்கில் தங்கிவிடும் அந்த வீணான சாயம்தான் பிறகு மற்றத் துணிகளில் ஒட்டுகிறது. முதலில் உப்பு போகும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். உப்பு இருக்கும்வரை அந்தச் சாயம் துணியை விட்டு வராது. பிறகு கை பொறுக்காத சூட்டில் சிறிது சோப்புத்தூள் போட்டுப் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். வீடுகளில் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தச் சூடான அலசல்தான்.

வாங்கும் முன் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மென்மையான சாம்பல் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். காத்ர் போர்ன் சந்தையில் வாங்கும் திரைச்சீலையையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். பாலியெஸ்டருக்கு ஆலையில் 130 டிகிரி வரை, அழுத்தத்தில் சாயம் ஏற்றுகிறோம். வீட்டுப் பாத்திரத்தில் அது முடியாது. பருத்தித் துணியில்கூடத் தையல் நூல் பாலியெஸ்டராக இருந்தால், சிவந்த துணியின் ஓரத்தில் வெள்ளைத் தையல் மட்டும் வரிசையாகத் தெரியும்.

மஞ்சளில் நனைத்த துணிக்குச் சோப்பு பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சள் திரும்பும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். விழா நாளுக்கு அது போதும். படுக்கை விரிப்புக்கு உதவாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ரியாக்டிவ் சாயப் பொடியை முகமூடியும் கையுறையும் இல்லாமல் கையாளாதீர்கள். அதன் தூசு சுவாச ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் கொண்டுவரக்கூடும். குழந்தைகளை அந்த அறைக்குள் விடவே வேண்டாம். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது.

சாயம் நின்றதா என்று பார்க்க, நனைத்த வெள்ளைப் பருத்தித் துண்டைச் சாயத்துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். துண்டில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். மற்றத் துணியில் சாயம் ஒட்டிவிட்டால் உலர்த்தாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தனியே எடுத்து, அந்தத் துணி தாங்கும் அளவுச் சூட்டில், நிறைய தண்ணீரில் சோப்புத்தூளோடு உடனே அலசுங்கள்.