கொரோனாவுக்குப் பிறகு கால் சில்லிட்டால் தைலம் தேய்க்காதீர்கள்

கொரோனா என்றாலே மூச்சுத்திணறலும் ஆக்சிஜன் சிலிண்டரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ரத்தக்குழாய் அறுவைசிகிச்சை செய்யும் எங்களிடம் அது கால் வலியாகவும் வந்தது. திடீரென்று காலில் ரத்த ஓட்டம் நின்றுபோய் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று இத்தாலியின் லொம்பார்டி பகுதி மருத்துவர்கள் 2020இலேயே எழுதினார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் அதை இங்கேயும் பார்த்தோம்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் வழவழப்பான மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. ரத்தம் உறையாமல் ஓட அதுதான் முக்கியக் காரணம். கொரோனா தொற்றில் கிளம்பும் அழற்சி அந்தப் படலத்தைப் புண்ணாக்குகிறது, ரத்தத்தின் உறையும் தன்மையையும் கூட்டிவிடுகிறது. போதாததற்கு நோயாளி நாள்கணக்கில் படுத்தே இருக்கிறார். காய்ச்சல் விட்டதும் இந்த ஆபத்து போய்விடுவதில்லை. கால் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், உறைவு ஏற்படும் ஆபத்து 3 மாதம் வரையும், நுரையீரலில் அடைப்பு வரும் ஆபத்து 6 மாதம் வரையும் கூடுதலாக இருந்ததை 2022இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு காட்டியது. வீட்டிலேயே இருந்து குணமானவர்களுக்கும் அந்த ஆபத்து இருந்தது.

இரண்டாம் அலையின்போது வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. கொரோனா குணமாகி வீடு திரும்பிய சில நாளில், விடியற்காலையில் வலது காலில் தாங்க முடியாத வலி. நரம்பு இழுத்துக்கொண்டது என்று வீட்டில் தைலம் தேய்த்தார்கள். கால் சில்லென்று இருந்ததால் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தார்கள். மறுநாள் மதியம் வந்தபோது பாதம் வெளுத்து, நீலத்திட்டுகள் படிந்திருந்தது. ஒத்தடம் கொடுத்த இடத்தில் கொப்புளம். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியவில்லை. “விரலை ஆட்டுங்கள் ஐயா” என்றேன். ஆட்டுவதாகத்தான் அவர் நினைத்தார். விரல் அசையவில்லை. காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ரத்தம் முழுவதுமாக நின்றுபோனால் தசையும் நரம்பும் சுமார் 6 மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் வந்தால் காலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. உறைவு மேலும் பரவாமல் ஹெபாரின் ஊசி போடுவோம். தொடை மடிப்பில் சிறிதாகத் திறந்து, நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயை உறைவைத் தாண்டிச் செலுத்துவோம். பலூனை ஊதி வெளியே இழுத்தால் உறைவும் கூடவே வரும். கொரோனா நோயாளிகளில் சிலருக்கு எடுத்த இடத்திலேயே திரும்பவும் உறைந்துவிட்டது என்பதால், தாமதமாக வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

வீட்டில் என்ன பார்க்கலாம்? புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, மரத்திருக்கிறதா? கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். அப்படி ஏதாவது இருந்தாலோ, சிவப்பு திரும்பாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கையிலும் இதே அடைப்பு வரலாம்.

இதுவரை சொன்னது காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் வரும் அடைப்பு. சிரையில் உறைந்தால் அறிகுறிகள் வேறு. ஒரு கால் மட்டும் வீங்கும், கதகதப்பாக இருக்கும், ஆடுசதையை அழுத்தினால் வலிக்கும். இதையும் தேய்க்கவே கூடாது, உறைவு பிய்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை டி-டைமர் என்ற, உடலில் ரத்த உறைவு உண்டாகிக் கரைவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணைப் பார்த்துத் தாங்களாகவே கடையில் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. மாத்திரையால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு ஏற்படலாம். அதே சமயம், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நடுவில் நிறுத்துவதும் ஆபத்து.

கிளம்பும்போது, ரத்தக்குழாய் அறுவைசிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போகப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அது உண்டு. வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உடனே அறுவைசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் காபி, டிபன் எதுவும் கொடுக்க வேண்டாம்.