நீர்மூழ்கிக்குள் ஒரு வீட்டு டிபி பெட்டி

சேலம் அம்மாபேட்டையில் வயரிங் வேலை செய்யும் வாசகர் ஒருவர், கோடை விடுமுறையில் குடும்பத்துடன் விசாகப்பட்டினம் சென்று, அங்கே கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். மற்றவர்கள் டார்பிடோக்களை வியந்துகொண்டிருக்க, தொழில் பழக்கத்தால் அவருடைய கண் ஒரு மூலையில் இருந்த சிறிய பெட்டியின்மேல் நின்றுவிட்டது. நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்குமே, அதே எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) வரிசை கொண்ட, மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டி. ஆளுயர மின்பலகைகள் நிறைந்த கப்பலுக்குள் இது எதற்கு, பழைய பலகைகளையே பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த குர்சுரா, 2001இல் ஓய்வுபெற்று, 2002இல் அருங்காட்சியகமானது. மேலே மிதக்கும்போது அதற்கு டீசல் எஞ்சின். மூழ்கியபின் எஞ்சினுக்குக் காற்று கிடையாது என்பதால் பேட்டரி. இந்த வகைக் கப்பலில் 112 ஈய அமில செல்கள் கொண்ட தொகுதிகள் நான்கு, ஆக மொத்தம் 448 செல்கள் உண்டு. ஒரு செல்லுக்கு 2 வோல்ட் என்றால் ஒரு தொகுதி 224 வோல்ட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டுக்கு மிக அருகில். எனவே வாசகரின் கேள்வி நியாயமானதே. ஆனால் எண்தான் ஒன்று, மின்சாரம் வேறு: அன்று பேட்டரி தந்தது ஒரே திசையில் ஓடும் டிசி, இன்று கரையில் நிற்கும் கப்பலுக்கு மின்வாரியக் கம்பி தருவது நொடிக்கு 50 சுற்று சுற்றும் ஏசி.

மின்சாரத்தை ஓடவிடுவது எளிது, நிறுத்துவதுதான் கடினம். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தின் குறுக்கே இரண்டு தொடுமுனைகளைப் பிரித்தால், இடையில் உள்ள காற்றே பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி, அயனிகளாகச் சிதைந்து, கம்பிபோல் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. இதுவே மின்வில். இத்தகைய வில்லைக் கொண்டே இரும்பை உருக்கும் உலைகள் உண்டு. அவற்றின் உட்புறத்தைத் தாங்கும் செங்கற்களுக்காகத்தான் நம் சேலத்து வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) வெட்டி எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட நெருப்பு, நீங்கள் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஏசியில் அது போய்விடுவதற்கு இயற்கையான காரணம் உண்டு. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு முறை, பூச்சியத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் வில்லுக்கு உணவில்லை. டிசியில் பூச்சியம் வருவதே இல்லை. தொடுமுனைகளை வெகுதூரம் பிரித்தோ, காந்தத்தால் வில்லை ஊதித் தள்ளியோதான் அணைத்தாக வேண்டும். டிசி சுவிட்சுகள் பருத்துப் போவதற்குக் காரணம் இதுவே. ஏசிக்கு அந்தப் பருமன் வேண்டியதில்லை, சிறிய பெட்டியே போதும்.

எம்சிபிக்குள் நடப்பது இன்னும் அழகு. ஷார்ட் சர்க்யூட் ஆனவுடன் பிறக்கும் வில்லை, அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலமே பக்கவாட்டில் உந்துகிறது. பள்ளியில் விரல் மடக்கிப் படித்த ஃபிளெமிங்கின் இடக்கை விதிதான். உந்தப்பட்ட வில், அடுக்கி வைத்த எஃகுத் தகடுகளுக்குள் புகுந்து பல குட்டி விற்களாகத் துண்டுபடுகிறது. ஒவ்வொரு குட்டி வில்லும் தன்னை எரியவைத்துக்கொள்ள ஏறக்குறைய 20 வோல்ட்டைக் கேட்கும். தகடுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தால், எல்லாம் சேர்ந்து கேட்கும் வோல்ட்டைக் கம்பியால் தர முடியாமல் போய், வில் மாண்டுவிடுகிறது. தன்னைத் தானே எமனிடம் அழைத்துச் செல்லும் இந்தத் தீப்பொறியைக் காட்டிலும் நேர்த்தியான பொறியியலை நான் அதிகம் கண்டதில்லை. எனினும் ஆயுத பூசையன்று நாம் அந்தப் பெட்டியைத் திறந்து, ஈரச் சந்தனத்தை அதன் இடுக்குகளிலேயே அப்புகிறோம். பொட்டுக்குப் பெட்டியின் கதவு போதும்.

பாதுகாப்பு வகையிலும் பழைய பலகை உதவாது. கடலில் இருந்தபோது பேட்டரியின் இரு முனைகளில் எதுவும் கப்பலின் உடலோடு இணைந்திருக்காது. ஒரு கம்பி உடலைத் தொட்டாலும் சுற்று முழுமை பெறாது. கரையிலோ, மின்வாரியத்தின் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, மண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. எங்கு தொட்டாலும் இரும்பாக இருக்கும் 91 மீட்டர் கூட்டுக்குள் குழந்தைகள் கைவைத்து நடக்கிறார்கள். ஆகவே கூட்டை நன்றாக எர்த் செய்வதோடு, போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபியும் தேவை.

வாசகர் இப்போது வீட்டு மாடிகளில் சோலார் பலகைகளும் பொருத்துவதாக எழுதியிருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 40 வோல்ட்டுக்கு மேல் தரும் 10 பலகைகளைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட்டைத் தாண்டும் டிசி. குர்சுராவின் இரண்டு பேட்டரித் தொகுதிகளைத் தொடராக இணைத்ததற்குச் சமம். அந்த இணைப்பில், கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏசி எம்சிபியைப் போட்டால், வில் அணையாமல் பெட்டியே எரியலாம். டிசிக்கென்றே செய்த எம்சிபிகள் சிலவற்றில் நிரந்தரக் காந்தம் இருக்கும். அவற்றில் + குறியும் − குறியும் இடம் மாறினால், காந்தம் வில்லைத் தகடுகளை நோக்கித் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். வெயில் இருக்கும்வரை பலகைகளை அணைக்க வழியில்லை என்பதால், ஏற்கெனவே பொருத்திய பெட்டிகளைப் பொழுது சாய்ந்தபின் திறந்து, குறிகளைச் சரிபார்ப்பது நல்லது.