மீனுக்கு அறுபது டிகிரி போதும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சமையல் கை ஆட்டுக்கறிக்குப் பழகிய கை. கறி வேகவில்லையா? இன்னும் இரண்டு விசில் விடு, இன்னும் ஒரு விறகைத் தள்ளு. நேரம் கூடக் கூடக் கறி இளகும் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத பாடம். அந்தப் பாடத்தோடு மீன் பக்கம் போனால்தான் சிக்கல். வெந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் விட்டால் மீன் இளகாது. வறண்டு, சக்கையாகி, தொண்டையில் நிற்கும். கொடுவா, சங்கரா, விரால், ஜிலேபி, பாக்கெட்டில் உறைந்து வரும் பாசா போன்ற வெள்ளைச் சதை மீன்களை முள்ளெடுத்து, கடைக்காரர் சொல்கிற மாதிரி ‘போன்லெஸ்’ ஆக்கி வாங்கினால் இன்னும் மோசம். அவற்றில் கொழுப்பு குறைவு. பக்குவம் தப்பினால் அதை மறைக்கச் சதைக்குள் ஒன்றும் இல்லை.

ஆடு தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் மேய்கிறது. அதன் தசைகளைக் கட்டிப் பிடிக்க கொலாஜன் என்ற உறுதியான புரதம் நிறைய வேண்டும். அந்தக் கொலாஜன் கரைந்து, பிசுபிசுப்பான ஜெலட்டினாக மாறுவதற்கு 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் வேக வேண்டும். பிரியாணிக் கறியின் இளக்கம் அங்கிருந்துதான் வருகிறது. மீனின் எடையையோ தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அதனால் மீனின் கொலாஜன் அளவிலும் குறைவு, உறுதியிலும் குறைவு. பல மீன்களில் 50, 55 டிகிரிக்கே கரையத் தொடங்கிவிடும். குளிர்கடல் மீன்களில் இன்னும் சீக்கிரம், நம் பக்கத்து மீன்களில் சற்றுப் பிந்தும். ஓர் உயிர் எந்தச் சூட்டில் வாழ்கிறதோ அதற்கேற்பத்தான் அதன் கொலாஜனும் தாக்குப்பிடிக்கிறது.

தசையின் கட்டுமானமும் வேறு. ஆட்டுத் தசையில் இருப்பது போல் நீண்ட நார்கள் மீனில் இல்லை. குட்டையான நார்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் மெல்லிய கொலாஜன் சவ்வு. சூட்டில் அந்தச் சவ்வு கரைந்ததும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சதை இதழ் இதழாகப் பிரிகிறது. ஒரு சுத்தமான ஈர்க்குச்சியைத் துண்டின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். வேகாத மீனில் ஒவ்வொரு சவ்விலும் முட்டி முட்டி உள்ளே போகும். தடையே இல்லாமல் இறங்கினால் மீன் வெந்துவிட்டது, அடுப்பை அணைக்கலாம்.

நார்களுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். தசையில் முக்கியமான புரதங்கள் இரண்டு: மயோசின், ஆக்டின். மயோசின் 40 டிகிரியைத் தாண்டும்போதே சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரளத் தொடங்கும். ஒளி ஊடுருவும்படி இருந்த பச்சை மீன் வெளுத்துப் போவது இதனால்தான்; திரண்ட புரதம் ஒளியைச் சிதறடிக்கிறது. 60 டிகிரியை ஒட்டி மீன் வாயில் வைத்தால் கரைகிற பக்குவத்துக்கு வரும். அதற்கு மேல் சூடேறி 70-ஐ நெருங்கித் தாண்டும்போது ஆக்டினும் திரள்கிறது. அப்போது நார்கள் இறுக்கமாகச் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போல் உள்ளேயிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பச்சை மீன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; அது போனால் மிஞ்சுவது சக்கைதான். துண்டின் மேல் வெள்ளைத் திட்டுகள் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கொழுப்பு இல்லை, அழுக்கும் இல்லை. தண்ணீரோடு வெளியேறி வெளியே வந்து உறைந்த புரதம். அது நிறைய வந்தால் தீ அதிகம் என்று பொருள்.

அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் மீனின் நடுப்பகுதி 63 டிகிரி எட்ட வேண்டும் என்கிறார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் அதைக் கைவிட வேண்டாம். ஆக, நமக்குக் கிடைக்கும் இடைவெளி பத்து டிகிரிக்கும் குறைவு. ஆவியும் தோசைக்கல்லுமோ நூறு, இருநூறு டிகிரியில் இருக்கின்றன. எளிய மீன் சமையல் முறைகள் எல்லாமே இந்தச் சூட்டை எப்படி மட்டுப்படுத்தி உள்ளே அனுப்புவது என்ற ஒரே கேள்விக்கான விடைகள்.

அதில் முதல் கணக்கு எடை இல்லை, தடிமன். சூடு மேற்புறத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் துண்டு மூன்று நிமிடத்தில் வெந்தால், இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டியிருக்கும். வால் பக்கத்து மெல்லிய துண்டையும் நடுத்துண்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுத்தால் இரண்டில் ஒன்று கெட்டே தீரும். வாலை மடித்துத் தடிமனாக்கிப் போடுங்கள், இல்லையென்றால் பிந்திப் போடுங்கள்.

வேலைக்குப் போய் அலுத்து வரும் ராத்திரிக்கு ஏற்ற முறை எது என்று கேட்டால் நான் இட்லிக் குண்டானைத்தான் காட்டுவேன். ஆவியைச் சாதுவானது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து மீண்டும் தண்ணீராகும்போது சுமார் 2,260 ஜூல் வெப்பத்தைக் கொட்டிவிடும். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் கொதிநீர் 60 டிகிரிக்கு இறங்கினால் தருவது 170 ஜூலுக்கும் குறைவு. ஆவி கையில் பட்டால் அப்படிச் சுடுவது அதனால்தான். மீனை வாழையிலையில் பொட்டலமாக மடித்தால் ஆவி இலையின் மேல்தான் நீராகிறது. சூடு இலையைக் கடந்து நிதானமாக உள்ளே போகிறது, மீனின் சாறும் பொட்டலத்துக்குள்ளேயே நிற்கிறது. அரைத்த இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்குப் பத்து நிமிடம் கழித்து ஈர்க்குச்சியை வைத்துப் பாருங்கள். எண்ணெய் அவ்வளவுதான் என்பதால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள வீடுகளுக்கும் இது சரிப்பட்டு வரும். உப்பு மட்டும் அளவாக.

தோசைக்கல்லின் விஷயம் வேறு. அங்கே நமக்கு முறுகல் வேண்டும். சதை பொன்னிறமாகி மணக்கிற மாற்றம் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். மேற்புறத்தில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரத்தோடு கல்லில் போட்ட மீன் வறுபடுவதில்லை, அவிகிறது. எனவே துண்டுகளை உப்பு, மஞ்சள் தடவிக் கால் மணி நேரம் வைத்து, கசிந்த நீரைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த உப்பு இன்னொரு வேலையும் செய்கிறது: மேற்புறத்து மயோசினைக் கொஞ்சம் கரைத்து, தண்ணீரைப் பிடித்து வைக்கச் செய்கிறது. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முன்னாலேயே பிழிந்து மணிக்கணக்கில் ஊற விடாதீர்கள். அமிலமும் புரதத்தைத் திரட்டும். அடுப்பில் ஏறும் முன்பே பாதி வெந்த மாதிரி ஆகிவிடும். சாப்பிடும்போது பிழியலாம்.

கல்லில் ஒட்டுவதற்குக் காரணம், பச்சைப் புரதம் உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்வது. கல் நன்றாகக் காய்ந்து, மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் உலோகத்தைத் தொடும் முன்பே புரதம் திரண்டுவிடும். போட்டவுடன் கரண்டியால் நோண்டாமல் விட்டால், முறுகிய பிறகு தானாகவே விட்டுக்கொடுக்கும். ஒரு பக்கத்தில் முக்கால் வேக்காடு, மறுபக்கம் ஒன்றிரண்டு நிமிடம். எடுத்த பிறகும் மேற்புறத்துச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்பதால், கொஞ்சம் முன்னதாகவே எடுங்கள்.

பாசா போன்ற உறைந்த துண்டுகள் கல்லில் தண்ணீர் விட்டுச் சொதப்புவதற்கும் காரணம் உண்டு. மெதுவாக உறையும்போது பெரிய பனிப் படிகங்கள் உருவாகி செல் சவ்வுகளைக் கிழிக்கின்றன. உருகும்போது அந்த வழியாக நீர் ஓடுகிறது. போதாக்குறைக்கு, உலராமல் இருக்க மேலே பனிப்பூச்சு வேறு. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, இரண்டு முறை ஒற்றி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குழம்புக்கு வருவோம். மீனைப் போட்ட பிறகு கரண்டி விடாதே, சட்டியைப் பிடித்துச் சுழற்று என்று பாட்டிமார் சொன்னது முழு அறிவியல். சவ்வுகள் கரைந்த சதையைக் கரண்டியும் தாங்காது, தளதளவென்ற கொதியும் தாங்காது. புளியும் மசாலாவும் எவ்வளவு வேண்டுமானாலும் கொதிக்கட்டும். பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிந்த பிறகு தீயைக் குறைத்து மீனை இறக்கி, சில நிமிடங்களில் அணைத்துவிடலாம். மண்சட்டியில் மிஞ்சியிருக்கும் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

புளியின் வேலை ருசியோடு நிற்கவில்லை. கடல் மீன்கள் உப்புநீரைச் சமாளிக்க ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற மணமில்லாத பொருளை உடம்பில் வைத்திருக்கின்றன. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மீன் கவுச்சி என்பது பெரும்பாலும் அதுதான். புளியின் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றுவதால் மூக்குக்கு எட்டுவதில்லை. காவேரிப்பாக்கம் ஏரியிலும் மோர்தானா அணையிலும் பிடிக்கிற கட்லா, ரோகு, ஜிலேபிக்கு இந்தக் கவுச்சி குறைவு. அவற்றில் சில நேரம் வருவது சேற்று வாடை. நீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்வதால் அது வருகிறது. அமிலத்தில் ஜியோஸ்மின் சிதையும் என்பதால் அங்கேயும் புளிதான் கைகொடுக்கிறது. ஏரி மீன் என்றாலே ஆவியில் வேக வைக்காமல் குழம்பு வைக்கத் தோன்றுவது நியாயம்தான். தவிர, கட்லா, ரோகு சதைக்குள் கவை போட்ட நுண்முட்கள் ஓடுவதால் அவற்றைப் போன்லெஸ் ஆக்குவதும் லேசில் முடியாது. அந்த முட்களை ஒரு பொருட்டாகவே எண்ணாதவர்களைப் பார்க்க வேண்டுமானால் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போங்கள். சிகிச்சைக்கு வந்திருக்கும் வங்காளக் குடும்பங்களுக்காகவே அங்கே மெஸ்கள் நடக்கின்றன. ரோகு துண்டை முதலில் எண்ணெயில் லேசாக முறுக்கிவிட்டு அப்புறம் குழம்பில் விடுவது அவர்கள் வழக்கம். முறுகிய தோல் துண்டை உடையாமல் காக்கிறது.

வெள்ளை மீனில் 100 கிராமுக்குப் பதினெட்டு, இருபது கிராம் புரதம் உண்டு. கொழுப்பு ஒன்றிரண்டு கிராம்தான். அதை ஆரோக்கியமான சாப்பாடாகவே வைத்திருப்பதும் கெடுப்பதும் நாம் சேர்க்கிற எண்ணெய்தான். பொரிக்கும்போது சட்டியில் இருக்கும்வரை உள்ளிருந்து சீறி வரும் ஆவி எண்ணெயை அண்ட விடாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டிய எண்ணெயை மீன் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே பொரித்தே ஆக வேண்டுமென்றால், எடுத்த கையோடு வடிதட்டில் உதறி, சூடு தணியும் முன் தாளில் ஒற்ற வேண்டும். ஆறிய பிறகு ஒற்றிப் பயனில்லை.

அடுப்பால் திருத்த முடியாத விஷயமும் ஒன்று உண்டு. வேலூருக்குக் கடல் இல்லை. காசிமேட்டிலிருந்து வந்தாலும் 140 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். நம் ஊர் அக்னி வெயிலும் அதற்குள்தான் வருகிறது. அப்போது வருகிற மீன் தொலைவிலிருந்தும் வரலாம், ஐஸில் நாள்பட்டும் இருக்கலாம். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டால் முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். வெள்ளைச் சதை மீன்களில் இந்த அபாயம் குறைவு, ஆனால் அவையும் சூட்டில் சீக்கிரம் கெடும். காய்கறி, மளிகையெல்லாம் முடித்துவிட்டு மீனைக் கடைசியாக வாங்குங்கள். கடைக்காரரிடம் கேட்டு ஒரு கை ஐஸையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.