கசிவோடு வருபவரும் கேள்வியோடு வருபவரும்

பிளம்பிங் தொழில் செய்பவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "வருகிறவர்கள் முதல் பக்கத்தோடு போய்விடுகிறார்கள். உள்ளே நான்கு பக்கமாவது பார்க்க வையுங்கள்."

அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வந்தவர் எந்த நிலைமையில் வந்தார்?

குழாய் பிய்த்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர் ஓடும்போது ஒருவர் உங்கள் தளத்தைத் திறக்கிறார். ஒரு கையில் துணி, மறு கையில் போன். அவருக்கு வேண்டியவை இரண்டே. தொட்டவுடன் உங்களை அழைக்கும் பட்டன் ஒன்று. நீங்கள் வந்து சேரும் வரை மெயின் வால்வை எப்படி மூடி வைப்பது என்ற நான்கு வரி. இவரை உள்பக்கங்களில் சுற்ற வைப்பது அவருக்குச் செய்யும் கெடுதல் என்றே நினைக்கிறேன். 8 நொடியில் அவர் அழைத்துவிட்டால் உங்கள் தளம் தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டது.

ஆனால் கணக்கு வேறு மாதிரி காட்டக்கூடும். ஒருவர் 10 நொடிக்கு மேல் தங்கினாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நீங்கள் முக்கிய நிகழ்வு என்று குறித்து வைத்த ஒன்றைச் செய்தாலோதான், தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவியான கூகுள் அனலிடிக்ஸ் 4 அதை ஈடுபாடுள்ள வருகையாக எண்ணும். அழைப்பு பட்டனை முக்கிய நிகழ்வாகக் குறிக்காமல் விட்டால், 8 நொடியில் வாடிக்கையாளரானவர் வந்த வேகத்தில் திரும்பியவர்களின் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இந்த எண்ணைப் பார்த்துப் பதறி, ஒழுங்காக இருந்த முதல் பக்கத்தைக் கலைத்துப்போட்டவர்களை எனக்குத் தெரியும். எதையும் மாற்றும் முன் இதைச் சரிபாருங்கள்.

அவசரம் இல்லாமல் வருபவர் வேறு. அவரிடம் கேள்வி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அவரை உள்ளே அழைத்துச் செல்லும் வழியை நான் கற்றுக்கொண்டது ஒரு பிளம்பரின் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். "தண்ணீர் மெதுவாக வருகிறது" என்று ஒருவர் அழைத்தார். "ஒரு குழாயிலா, எல்லாக் குழாயிலுமா?" என்று கேட்டார் பிளம்பர். "ஒன்றில்தான்." "சுடுநீரா, குளிர்நீரா?" "இரண்டும்." "குழாயின் வாயில் திருகியிருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் வருகிறேன்."

அவருடைய தளத்திலோ "எங்கள் சேவைகள்" என்ற ஒரே பக்கத்தில் பன்னிரண்டு வேலைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அதைக் கலைத்து, அவர் போனில் கேட்ட கேள்விகளையே பாதைகளாக்கினோம். தண்ணீர் மெதுவாக வருவதற்கு ஒரு பக்கம். ஒரு குழாயில் மட்டும் என்றால், சல்லடையைக் கழுவும் விதம் படங்களோடு. சுடுநீரில் மட்டும் என்றால் வாட்டர் ஹீட்டர் பற்றிய பக்கம். வீடு முழுவதும் என்றால், மெயின் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீட்டர் சோதனைக்குப் போகலாம். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. அங்கிருந்து ஃபிளஷ் தொட்டிச் சோதனைக்கு ஒரு லிங்க். தொட்டியில் சில துளி உணவு நிறமியை விட்டு, ஃபிளஷ் செய்யாமல் 10 நிமிடம் காத்திருந்து பார்த்தால், கோப்பையில் நிறம் இறங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். படிப்பவர் இதற்குள் நான்கு பக்கம் வந்திருப்பார். யாரும் அவரைத் தள்ளவில்லை. அவருடைய கேள்விதான் கூட்டிவந்தது.

இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடாதா என்று கேட்கிறார்கள். சல்லடையைக் கழுவத் தெரிந்தவர் சுவருக்குள் இருக்கும் குழாயை உடைத்துப் பார்க்கப்போவதில்லை. மீட்டர் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர், வழிகாட்டிய உங்களைத்தான் முதலில் அழைக்க நினைப்பார்.

லிங்க்கில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. "மேலும் அறிய" என்பது எதையும் சொல்லாத கதவு. "சுடுநீர் மட்டும் மெதுவாக வருகிறதா?" என்று எழுதினால், அந்தத் தொல்லை உள்ளவர் அதைத் தாண்டிப் போகமாட்டார். அதைப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்காமல், அந்தச் சந்தேகம் எழும் பத்திக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கட்டணப் பக்கம் இல்லாத தளங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தொகையைச் சொல்ல முடியாவிட்டாலும், எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள், வந்து பார்ப்பதற்குத் தனியாக வாங்குகிறீர்களா, இரவு நேரத்துக்குக் கூடுதலா என்பதைச் சொல்லலாமே. வேலையின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அதற்கு ஒரு லிங்க் இருக்கட்டும். படங்களும் நீங்கள் செய்த வேலையினுடையதாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, பக்கம் திறக்கவே நேரமானால் பயனில்லை. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பிளம்பர்களின் தளங்களில் இதைக் கெடுப்பது, நான் பார்த்தவரை, கேமராவில் எடுத்தபடியே ஏற்றிய பெரிய படங்கள்தான். அவற்றைச் சுருக்குங்கள், அகல உயரத்தையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் படம் தாமதமாக வந்து விழும்போது பக்கம் கீழே குதிக்கும். அழைக்க நீட்டிய விரல் வேறெதையோ அழுத்திவிடும்.

ஒரே கட்டுரையை ஐந்து பக்கமாக உடைப்பது, படிக்கும்போதே முகத்தில் பெட்டி திறப்பது போன்ற யோசனைகளோடு யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில், போன் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, இந்த வாரம் வந்த கேள்விகளை அழைத்தவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். மூன்று பேர் ஒன்றையே கேட்டிருந்தால் உங்கள் அடுத்த பக்கத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.